புது வீட்டில் குளிர்ச்சிக்கான பணம்: சுவருக்கா, தளத்துக்கா, ஏசிக்கா?

வீடு கட்டக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "என்ன கல் வைக்கலாம்?" கடைசியில் கேட்பது, "எத்தனை டன் ஏசி போதும்?" நடுவில் மொட்டை மாடி என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. மேஸ்திரி வழக்கம்போல ஏதோ போட்டுவிடுவார் என்று விட்டுவிடுகிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் தரைத்தள வீடோ, அடுக்ககத்தின் மேல்மாடியோ, குளிர்ச்சிக்கென்று ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு தளத்துக்கும் நிழலுக்கும் போக வேண்டும். எந்தக் கல் என்பது அதற்கு அடுத்த கேள்வி. அதற்கான விடையும் கல்லின் பெயரில் இல்லை. அது எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது, அதைத் தாங்க எத்தனை பில்லர் எழுப்ப வேண்டும் என்பதில் இருக்கிறது. ஏசி கடைசி. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவும், மண்ணையும் விறகையும் குறைவாகச் செலவழிக்கவும் இந்த வரிசைதான் ஒத்துவருகிறது.

பேச்சுக்கு ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். திருச்சிக்குப் பக்கத்தில் 1000 சதுர அடி, தரைத்தளம் மட்டும், இரண்டு படுக்கையறை. சுற்றிலும் கொஞ்சம் இடம். பிறகு காசு வந்தால் மேலே ஒரு மாடி எடுக்கும் ஆசையும் உண்டு.

இந்த வீட்டின் தளம் சுமார் 93 சதுர மீட்டர். ஜன்னல், கதவு போக வெளிச்சுவரும் ஏறக்குறைய அதே அளவுதான் வரும். ஆனால் வெயில் இரண்டிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் திருச்சியில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. அங்கிருந்து கொஞ்சம் வடக்கே போய்விட்டு ஆகஸ்டு கடைசியில் மறுபடி உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்கள் முழுக்கத் தளத்தின் மேல்தான் அடி. கோடையில் ஒரு சதுர மீட்டர் தளத்தில் நாளொன்றுக்கு 6 யூனிட்டுக்குச் சமமான வெயில் விழுகிறது. கிழக்குச் சுவருக்கும் மேற்குச் சுவருக்கும் அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. வடக்கு, தெற்குச் சுவர்களுக்கு அதைவிடக் குறைவு. போதாக்குறைக்குச் சுவரைப் பக்கத்து வீடும் வேப்பமரமும் மறைத்துக்கொள்ளும். தளத்துக்கு எந்தத் துணையும் கிடையாது.

அந்தத் தளம் எப்படிப்பட்டது என்று பார்த்தால், ஐந்து அங்குலக் காங்கிரீட். காங்கிரீட் வெப்பத்தைத் தாராளமாகக் கடத்தும், நிறையச் சேமித்தும் வைக்கும். மத்தியானம் வாங்கியதைச் சில மணி நேரம் கழித்து வீட்டுக்குள் இறக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு, வெளியே காற்று ஆறிய பிறகும், ஃபேனைப் போட்டால் அனல் இறங்குகிறதே, அது மத்தியான வெயில்தான்.

தளத்துக்கு என்னென்ன வழி

நம் ஊர் வழக்கம், தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி போட்டு, அதன் மேல் தட்டோடு பதிப்பது. மழைநீர் வாட்டத்துக்கும் நீர்க்கசிவுக்கும் இது நல்ல வேலை. வெப்பத்துக்கும் கொஞ்சம் உதவும், ஆனால் நாம் நம்புகிற அளவுக்கு இல்லை. இந்தக் கணக்கைச் சொல்ல 'யு மதிப்பு' என்று ஓர் அளவு உண்டு. உள்ளே வெளியே ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் போகிறது என்பதுதான் அது. குறைய குறைய நல்லது. வெறும் காங்கிரீட் தளத்துக்கு 3-க்கு மேல் வரும். சுருக்கியும் தட்டோடும் போட்டால் சுமார் 2.4. வீடுகளுக்கென்று மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பான பி.இ.இ. 2018-இல் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பு தளத்துக்குக் கேட்பது 1.2. பாதி தூரம் இன்னும் பாக்கி இருக்கிறது.

இன்னொன்று, தட்டோடு சிவப்பு. வெயிலில் பாதிக்கு மேல் அது உறிஞ்சிக்கொள்ளும். பழைய காங்கிரீட்டும் அப்படியே. ஆகவே மிக மலிவான முதல் வேலை, அதை வெள்ளையாக்குவது. புதிதாக அடித்த வெள்ளைப் பூச்சு வெயிலில் எழுபது எண்பது சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். நான் போட்டுப் பார்த்த தோராயக் கணக்கில், வெளியே 38 டிகிரி இருக்கும் மத்தியானத்தில் கறுத்த தளம் 65 டிகிரியை ஒட்டிய வெளிப்புறம்போல நடந்துகொள்கிறது. வெள்ளைத் தளம் 48-ஐ ஒட்டி. உள்ளே 32 என்று வைத்தால், உள்ளே தள்ளும் விசை பாதியாகிவிடுகிறது. கல்லை மாற்றி இந்த மாற்றத்தைச் சுவரில் கொண்டுவர எவ்வளவு செலவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வெள்ளையாக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. கிளிஞ்சல் சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து அடிப்பது முதலாவது. சில ஆயிரத்துக்குள் முடியும், வீட்டு ஆட்களே அடிக்கலாம், ஆனால் ஒரு மழைக்காலம் தாண்டினால் பாதி போய்விடும். வருடா வருடம் மாசியில் அடிக்கத் தயார் என்றால் இதைவிட லாபமான வேலை வேறில்லை. இரண்டாவது, 'கூல் ரூஃப்' பெயிண்ட். சில வருடங்கள் நிற்கும். வாங்கும்போது டப்பாவில் எஸ்.ஆர்.ஐ. எண்ணைப் பாருங்கள். வெயிலைத் திருப்பி அனுப்பி, வாங்கிய வெப்பத்தையும் வெளியே விடும் திறனின் அளவு அது; 100-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. எண்ணே போடாமல் "5 டிகிரி குறைக்கும், 10 டிகிரி குறைக்கும்" என்று மட்டும் எழுதியிருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம். மூன்றாவது, வெள்ளை கூலிங் டைல்ஸ். விலை கூடுதல், உழைப்பும் கூடுதல். புது வீட்டில் எப்படியும் தட்டோடு பதிக்கப் போகிறீர்கள் என்றால் அதற்குப் பதிலாக இதையே பதிப்பது சரி. ஏற்கெனவே தட்டோடு போட்டவர்கள் அதைப் பெயர்க்க வேண்டாம், மேலே பெயிண்ட் போதும். எதைப் போட்டாலும் தூசி படிந்தால் பலன் இறங்கும். வருடத்துக்கு இரண்டு முறை கழுவிவிட வேண்டும். சொல்வதற்கு எளிது, செய்பவர்கள் குறைவு.

தெலங்கானா 2023-இல் கூல் ரூஃபுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்து, பெரிய மனைகளில் கட்டும் வீடுகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. நம்மிடம் விதி வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு வாளி சுண்ணாம்புக்கு யார் அனுமதியும் தேவையில்லை.

அடுத்த வழி, தளத்துக்கும் டைல்ஸுக்கும் நடுவே வெப்பத் தடுப்புப் பலகை வைப்பது. எக்ஸ்.பி.எஸ். என்று கேட்டால் கடையில் தருவார்கள். 25 மில்லிமீட்டர் தடிமன் வைத்தாலே தளத்தின் யு மதிப்பு 1-க்குக் கீழே வந்துவிடும். 50 வைத்தால் 0.5-ஐ ஒட்டி. இது பெட்ரோலியத்திலிருந்து வரும் பொருள், 'பசுமை' என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஏசி ஓடும் அறைக்கு மேலே இது தன் பாவத்தைச் சில வருடத்தில் கழித்துவிடும் என்று நினைக்கிறேன். ஏசி இல்லாத அறைக்கு இதை அவ்வளவு வலியுறுத்த மாட்டேன். பலகை வெப்பம் உள்ளே வருவதைத் தடுப்பதுபோலவே ராத்திரியில் வெளியே போவதையும் தடுக்கும். ஜன்னலைத் திறந்து காற்றை நம்பி இருக்கிற அறைக்கு வெள்ளைப் பூச்சும் நிழலும்தான் முதல் தேவை.

நிழலுக்கு நம் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்திருப்பது ஷீட். மொட்டை மாடியில் இரும்புச் சட்டம் நட்டு மேலே தகரம் போடுவது. அழகைக் குறை சொல்கிறவர்கள் சொல்லட்டும், வெப்பக் கணக்கில் இது தப்பில்லை. வெயிலை ஷீட் வாங்கிக்கொள்கிறது, கீழே காற்று ஓடுகிறது, தளம் நிழலில் கிடக்கிறது. துணி காயப்போட, வற்றல் போட, விசேஷத்துக்குப் பந்தி வைக்க இடமும் கிடைக்கிறது. நாலு பக்கமும் அடைத்துவிட்டால் மட்டும் பலன் போய்விடும். கடற்கரை மாவட்டங்களில் சட்டத்தை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பது உயிர்ப் பிரச்சினை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பறந்த தகரங்களைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஷீட்டுக்குச் செலவழிக்கத் துணிந்தவர்கள் அதே சட்டத்தில் சோலார் பலகைகளை ஏற்றலாம் என்பது என் கருத்து. 3 கிலோவாட் அமைப்பு நாளுக்குச் சராசரியாக 12 யூனிட் தரும். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வைத்தார்கள். பலகைகள் நம் 93 சதுர மீட்டர் தளத்தில் ஐந்தில் ஒரு பங்கை மூடும். அந்த ஒரு பங்கு எந்த அறைக்கு மேலே வரவேண்டும் என்பதைத்தான் நிறையப் பேர் யோசிப்பதில்லை. மாடிப்படிக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் என்று எங்காவது வைக்கிறார்கள். நிழல் விழாத இடமாக இருந்தால், படுக்கையறைக்கு மேலே வையுங்கள். மின்சாரமும் வரும், அந்த அறையின் தளத்துக்குக் குடையும் ஆகும்.

மாடித்தோட்டம் நல்லதுதான், தொட்டிகளில் வைத்தால். தளத்தின் மேலேயே மண் கொட்டிப் புல் வளர்க்கும் யோசனையைப் பொறியாளர் பாரம் பார்த்துச் சொன்னால் ஒழிய நான் ஆதரிக்க மாட்டேன். ஈரமண் ரொம்பக் கனம். ஒழுகினால் எங்கே என்று தேடுவதற்கே தோட்டம் முழுவதையும் தோண்ட வேண்டும். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கும் அனல் முகத்தில் படாமல் கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான். வெப்பம் ஏற்கெனவே தளத்துக்குள் வந்துவிட்ட பிறகு போடுகிற திரை அது.

இனி கல்

சுவருக்கு இன்று நம் முன்னால் இருப்பவை நாட்டுச் செங்கல் அல்லது சேம்பர் கல், ஃபிளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) கல், ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழி நிறைந்த லேசான காங்கிரீட் கல்), சிமெண்ட் சாலிட் பிளாக், மண் கல். வெப்பத்தை மட்டும் பார்த்தால் இதில் ஏஏசி-க்குப் போட்டியே இல்லை. எட்டு அங்குல ஏஏசி சுவரின் யு மதிப்பு சுமார் 0.8. ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு 2-க்குச் சற்று மேல். ஃபிளை ஆஷும் மண் கல்லும் செங்கல்லை ஒட்டியே வரும். சாலிட் பிளாக்தான் இருப்பதிலேயே மோசம்; கோவைப் பக்கம் விலையைப் பார்த்து நிறையப் பேர் அதை வைத்துவிட்டு மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்த்து வருத்தப்படுகிறார்கள்.

அப்படியானால் ஏஏசி என்று முடித்துவிடலாமா? இங்கேதான் வீட்டின் உயரம் குறுக்கே வருகிறது. செங்கல் சுவர் தளத்தைத் தானே தாங்கும். தரைத்தளம், அதன் மேல் ஒரு மாடி வரைக்கும் ஒன்பது அங்குலச் சுவர் மேலேயே கட்டிய வீடுகள் நம் தெருக்களில் நாற்பது ஐம்பது வருடமாக நிற்கின்றன. ஏஏசி வைத்தால் நம் ஊர் நடைமுறையில் பில்லர், பீம் எழுப்பி நடுவே அடைப்பார்கள். அதாவது கல்லில் மிச்சம் பிடித்த கரிமத்தை, பொருள் தயாராகும்போது வெளியேறும் கரியமில வாயுவை, சிமெண்டிலும் கம்பியிலும் திருப்பிக் கொடுக்கிறோம். பில்லர் வீட்டில் சிமெண்டும் கம்பியும் சேர்ந்துதான் கரிமக் கணக்கில் பெரிய பங்கு. ஐந்து மாடி அடுக்ககத்தில் கதை வேறு. அங்கே எப்படியும் பில்லர் உண்டு. ஏஏசி எடை செங்கல்லில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் அஸ்திவாரம் முதல் கம்பிவரை எல்லாம் குறையும். அங்கே ஏஏசி வெல்கிறது. நம் 1000 சதுர அடி வீட்டில், பொறியாளர் மண்ணைப் பார்த்துச் சரி என்றால், பில்லர் இல்லாத சுவர் வீடுதான் என் தேர்வு. இன்று எந்த மேஸ்திரியைக் கேட்டாலும் "பில்லர் இல்லாமலா சார்?" என்று முகத்தைப் பார்ப்பார். கரிசல் மண்ணாக இருந்தால் அவர் கேள்வியில் நியாயம் உண்டு. கெட்டியான செம்மண்ணில் அது பழக்கம் மட்டும்தான்.

ஏஏசி வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாதாரண மணல் கலவையில் வைத்து, காங்கிரீட் சேரும் இடத்தில் கம்பி வலை அடிக்காமல் பூசினால் கோடு கோடாக வெடிப்பு விழும். அதற்கென்றே உள்ள ஜாயிண்ட் மார்ட்டரில், பழக்கப்பட்ட ஆள் கட்ட வேண்டும். டிவி, கெய்சர், லாஃப்ட் மாட்டத் தனி ஆங்கர் வேண்டும். தொழிற்சாலை பக்கத்தில் இருந்தால் சரி. 200 கிலோமீட்டர் லாரியில் வந்தால் வாடகையும் டீசலும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

செங்கல்லின் குறை, அது வருகிற இடம். செம்மண்ணைத் தோண்டி, விறகு வைத்துச் சுடுகிறோம். தென்மாவட்டங்களில் பனைகள் சூளைக்குப் போனதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2021-இல் அரசு பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று சொல்லும் நிலை வந்தது. அதே வருடம் கோவை தடாகம் பள்ளத்தாக்கில் அனுமதியில்லாத சூளைகள் மூடப்பட்டன. அங்கே மண்ணெடுத்த பள்ளங்களைப் பார்த்தால் செங்கல் 'இயற்கைப் பொருள்' என்று சொல்ல நாக்கு வராது. சீமைக்கருவேல விறகில் சுடும் சூளைகளுக்கு மட்டும் நான் கொஞ்சம் சலுகை கொடுப்பேன்.

செங்கல்தான் என்று முடிவானால், அதைக் குறைவாகச் செலவழிக்க ஒரு வழி இருக்கிறது. திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளம் முழுக்கப் பரப்பிய 'ராட் ட்ராப்' (எலிப்பொறி) கட்டு. கல்லைக் கிடையாக அடுக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டுவார்கள், நடுவில் காற்று இடைவெளி வரும். ஒன்பது அங்குலச் சுவரில் நாலில் ஒரு பங்கு கல் மிச்சம், கலவையும் மிச்சம், வெப்பமும் ஓரளவு குறையும். வெளியே பூசாமல் விட்டால் அழகாகவும் இருக்கும். தளத்துக்கு அவர் கையாண்ட ஃபில்லர் ஸ்லாப்பும் இதே வழிதான்: கீழ்ப்பாதியில் காங்கிரீட் சும்மா கிடக்கும் இடங்களில் மங்களூர் ஓடு வைத்து அடைப்பது. கன்னியாகுமரி மாவட்டத்தில் இதெல்லாம் தெரிந்த கொத்தனார்கள் கிடைப்பார்கள். திருச்சியில் தேட வேண்டும். கற்றுக்கொள்ள விருப்பமுள்ள கொத்தனார் கிடைத்தால் ஒரு சுவர் கட்டச் சொல்லிப் பாருங்கள்; பிடிக்காதவரிடம் வற்புறுத்திக் கட்ட வைக்காதீர்கள்.

ஃபிளை ஆஷ் கல் இந்த வீட்டுக்கு நல்ல நடுவழி. மேட்டூர், நெய்வேலி, தூத்துக்குடி, எண்ணூர் என்று அனல்மின் நிலையங்கள் கொட்டும் சாம்பலுக்கு ஒரு வேலை கிடைக்கிறது. சூளை கிடையாது, மேல்மண் கிடையாது. அளவு சீராக இருப்பதால் பூச்சுக் கலவை குறையும். வெப்பத்தில் மட்டும் செங்கல்லைவிட உசத்தி என்று நினைத்துவிடக் கூடாது. பிரச்சினை தரம். தெருவுக்கொரு யூனிட் இருக்கிறது, சிலர் சிமெண்டைக் குறைத்து, ஈரம் காயும் முன்பே லோடு ஏற்றிவிடுகிறார்கள். சோதிப்பது எளிது. காய்ந்த கல்லை எடை போடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். 20 சதவீதத்துக்கு மேல் கூடினால் அந்த லோடு வேண்டாம். நகத்தால் கீறி மாவாக உதிர்ந்தாலும் வேண்டாம்.

மண் கல் எனக்குப் பிடித்தது. ஆரோவில்லில் 1989 முதல் இயங்கும் எர்த் இன்ஸ்டிடியூட் இதில் உலகத்துக்கே பாடம் எடுக்கிறது. மணல் கலந்த செம்மண்ணோடு 5 சதவீதம் சிமெண்ட் சேர்த்து அச்சில் அழுத்தி, நிழலில் நாலு வாரம் ஈரம் காக்க வேண்டும். சுடுவதே இல்லை. அஸ்திவாரம் தோண்டிய மண்ணே கல்லாகிவிடும். கரிசலும் களிமண்ணும் இதற்கு ஆகாது. கண்ணாடிப் பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி ஒரு நாள் வைத்தால் மணல், வண்டல், களி என்று படிந்து எது எவ்வளவு என்று காட்டிவிடும். ஆனால் விலை குறைவு என்று எண்ணி இதற்குப் போகாதீர்கள். மண் சும்மா கிடைக்கும், கூலி அப்படியில்லை. மழைச் சாரல் படாமல் தளத்தை வெளியே நீட்ட வேண்டும். பயிற்சி பெற்ற ஆட்கள் விழுப்புரம், புதுச்சேரி சுற்றுவட்டாரத்தில் உண்டு. அதைத் தாண்டினால் அவர்களுக்குத் தங்குமிடமும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

எந்தக் கல்லானாலும் "கல் என்ன விலை?" என்று கேட்காமல், "பூச்சோடு சேர்த்து ஒரு சதுர அடிச் சுவர் என்ன விலை?" என்று கேளுங்கள். ஏஏசி-யும் செங்கல்லும் அப்போதுதான் ஒரே தராசில் நிற்கும்.

சிமெண்டைப் பற்றி ஒரு வரி: மூட்டையில் பி.பி.சி. என்று போட்டிருக்கும் வகை வீட்டுக்குப் போதும். சாம்பல் கலந்தது, கிளிங்கர் (சூளையில் சுட்டெடுக்கும் சிமெண்டின் மூலக்கட்டி) குறைவு. மெல்ல இறுகும் என்பதால் குறைந்தது பத்து நாள் தண்ணீர் காட்ட வேண்டும். "53 கிரேடு ஓ.பி.சி. (சாம்பல் கலக்காத சிமெண்ட்) போட்டால்தான் பலம்" என்பது அவசரக்காரர்களின் வசனம்.

முற்றம் வைக்கச் சொல்லி வருகிற காணொளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீட்டு முற்றம் குளிர்ச்சிதான், மறுக்கவில்லை. ஒரு தெருவிலிருந்து மறு தெருவரை நீண்ட வீடு அது. அரை கிரவுண்டில் முற்றம் வைத்தால் ஒரு அறை போகும், மழையில் சாரல் வரும், கடைசியில் மேலே கண்ணாடி போட்டு மூடுவார்கள். மூடிய கண்ணாடியின் கீழே மே மாதம் உட்கார்ந்து பாருங்கள். அந்தப் பணத்துக்கு எல்லா ஜன்னலுக்கும் இரண்டடி சன்ஷேட் போடலாம். 'எலிவேஷன்' கெடும் என்று சன்ஷேட்டை வெட்டிவிட்டு, மேற்கே பெரிய கண்ணாடி வைத்து, அதற்குத் திரை போட்டு, உள்ளே பகலில் லைட் போடுகிற வீடுகளை என்னவென்று சொல்வது! மேற்கு ஜன்னலுக்கு வெளிப்புறம் ஒரு மூங்கில் தட்டி தொங்கவிட்டால் எந்தத் திரையைவிடவும் நல்லது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும்.

ஃபேன், கூலர், ஏசி

இங்கே கணக்கு சுவாரசியமானது. சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. என்ற மின்சிக்கன மோட்டார் வைத்த ஃபேன் 30. நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதக் கரண்ட் பில்லில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். இப்போது ஏசி-யைப் பாருங்கள். ஒன்றரை டன் 5 ஸ்டார், லேபிளில் போட்டிருக்கும் 1600 மணி நேரக் கணக்குப்படி, மணிக்குச் சுமார் அரை யூனிட். 3 ஸ்டார் 0.65 யூனிட். ராத்திரி எட்டு மணி நேரம் என்று இரண்டு மாதம் ஓட்டினால் இரண்டுக்கும் வித்தியாசம் 70, 75 யூனிட். இரண்டு ஃபேனை மாற்றினாலே அந்த மிச்சம் வந்துவிடுகிறது, அதுவும் கோடை மட்டுமல்ல, வருடம் முழுக்க. ஏசி-யில் ஸ்டாருக்காகப் பல ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பவர்கள் பழைய ஃபேனை அப்படியே சுற்றவிடுவது விசித்திரம்.

ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை, உடம்பைத்தான். ஆனாலும் காற்று படும்போது இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோலத் தோன்றும். அதனால் ஏசி-யை 27-இல் வைத்து ஃபேனையும் மெதுவாகப் போட்டால் 24-இல் கிடைக்கும் சுகம் கிடைக்கும். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது பி.இ.இ. சொல்வது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும் நம் கட்டண முறையில், இந்தச் சின்னச் சின்ன மிச்சங்கள் பில்லில் பெரிதாகத் தெரியும்.

ஏர் கூலருக்குத் தேவை வறண்ட காற்று. திருச்சி, கரூர், சேலம், வேலூர் பக்கம் மார்ச்சிலிருந்து மே வரை பகலில் நன்றாகவே வேலை செய்யும். மின்செலவு 200 வாட்டுக்குள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மூடி வைத்தால் அறை ஊறிப்போகும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கடல்காற்றின் ஈரத்தில் கூலர் பயனில்லை, பிசுபிசுப்பைத்தான் கூட்டும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் கூலருக்கு எங்கே போவது என்பது வேறு கேள்வி. தொட்டியை வாரம் ஒருமுறை காலி செய்து துடைக்காவிட்டால் டெங்குக் கொசுவுக்கு வீடு கொடுத்ததாகிவிடும்.

ஏசி வாங்கியே தீர வேண்டும் என்றால், டன்னில்தான் ஏமாறுகிறோம். 120 சதுர அடி அறை என்றதும் கடைக்காரர், "மேல்தளமா சார்? அப்படின்னா ஒன்றரை டன்னா போட்டுடுங்க" என்பார். சும்மா கிடக்கும் காங்கிரீட்டுக்குக் கீழே அவர் சொல்வது சரி. வெள்ளை பூசி, மேலே பலகையும் வைத்த அறைக்கு ஒரு டன் போதும். வாங்கும்போதே விலை குறையும், அந்த மிச்சத்தில் தளத்துச் செலவில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும். ஸ்டாரைப் பார்ப்பதோடு ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணையும் பாருங்கள்; செலவாகும் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்ச்சி கிடைக்கிறது என்பதைச் சொல்வது அது, கூடக் கூட நல்லது. ஸ்டார் அளவுகோலைச் சில வருடத்துக்கு ஒருமுறை இறுக்குவார்கள், பழைய இருப்பின் 5 ஸ்டாரும் புதிய 5 ஸ்டாரும் ஒன்றல்ல.

காஸையும் கேளுங்கள். பழைய ஏசி-களில் இருந்த ஆர்-410ஏ காற்றில் கலந்தால் கரியமில வாயுவைவிட இரண்டாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். இப்போது பெரும்பாலும் வருகிற ஆர்-32 அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆர்-290, அதாவது புரொப்பேன், ஒற்றை இலக்கம்தான்; தீப்பற்றும் என்பதால் கம்பெனி ஆள் வைத்தே மாட்ட வேண்டும். வருடா வருடம் "காஸ் டாப்-அப்" என்று யாராவது வந்தால், எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகும் இடத்தை அடைக்காமல் மறுபடி நிரப்ப விடாதீர்கள்.

நம் திருச்சி வீட்டுக்கு என் பட்டியல் இதுதான்: பில்லர் இல்லாத சுவர், உள்ளூர் ஃபிளை ஆஷ் கல், தளம் முழுக்க வெள்ளை டைல்ஸ், ஏசி வைக்கும் ஒரு படுக்கையறைக்கு மேலே மட்டும் எக்ஸ்.பி.எஸ்., எல்லா ஜன்னலுக்கும் சன்ஷேட், பி.எல்.டி.சி. ஃபேன்கள், ஒரு டன் ஏசி ஒன்று. மேலே மாடி எடுக்கும் எண்ணம் ஓரிரு வருடத்தில் நிறைவேறும் என்றால் டைல்ஸும் பலகையும் வீண். அதுவரை சுண்ணாம்பு அடித்தால் போதும், மிச்சத்தை மாடியின் தளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சோலாரும் அப்போதுதான்.

அடுக்ககத்தின் மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்குக் கல்லும் தளமும் கையில் இல்லை. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்பதால் சங்கத்தில் கேட்க வேண்டும், கீழ்வீட்டுக்காரர்கள் "எங்களுக்கென்ன லாபம்?" என்பார்கள். செலவைத் தானே ஏற்று, வெள்ளைப் பூச்சை நீர்க்கசிவுத் தடுப்பு வேலையோடு சேர்த்துக் கேட்டால் பெரும்பாலும் சம்மதம் கிடைக்கும், ஒழுகல் எல்லோருக்கும் பயம். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பு அடிக்கலாம். தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், அடித்த பின் ஒரு நாளாவது மழை வரக் கூடாது. பிப்ரவரி, மார்ச்தான் அதற்குத் தோதான மாதங்கள்.